பதினெட்டுக் கிலோ

நூறு கிலோ மண் வந்தது காட்பாடிக்கு,
ராணிப்பேட்டையின் ஒரு மூடிய மதில் ஓரத்திலிருந்து,
யூரியாச் சாக்குகளில்.
மழை விட்டுக் காய்ந்தால் அங்கே
தரையில் மஞ்சள் பூக்கும்,
கிள்ளினால் பொடியாகும் பூ.

"தொடாதீங்க மேடம்" என்றார் தனகோட்டி,
வெறுங்கையால் சாக்கின் தையலைப் பிரித்தபடி.

குரோமேட் ஆலையில் பதினோரு வருடம் இருந்தவர்.
மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை.
எங்கள் பைன் எண்ணெய் நெடி
ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மட்டும் தெரியாது.

மண்ணை மண்ணோடு மோதவிட்டுத்
தோலுரித்தோம் தொட்டியில்.
பிறகு சல்லடை. பிறகு சுழல் கூம்பு.
கனத்தது அடியில் இறங்கும்,
மெலிந்தது மேலே வழியும்.
நஞ்சு மெலிந்ததில்தான் ஒட்டிக்கொள்ளும்,
எழுபத்தைந்து மைக்ரானுக்குக் கீழே.
கருத்தரங்குக்கு ஒத்திகை பார்க்கையில் இதைச் சத்தமாகச் சொன்னேன்.
தனகோட்டி வாளியைக் கீழே வைத்துவிட்டு
வெளியே போனார்.

நெய்வேலிச் சாம்பல் தஸ்தகீரின் வண்டியில் வந்தது.
பழுப்பு நிலக்கரி, பூமி
பிஞ்சிலேயே பறிகொடுத்த கரி.
அள்ளி அப்படியே கழுவுநீரில் போட்டேன்.
அதிலிருந்த சுண்ணாம்பு நீரைக் காரமாக்கியது,
மஞ்சள் அசையவில்லை.
மூன்று மாதம்.
"சாம்பல்ல பாத்திரம்தான் மேடம் வெளுக்கும்"
என்றான் தஸ்தகீர்,
வண்டி வாடகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டே.

சரி, சாம்பலையும் பிரிப்போம்.
டீசல் இரண்டு சொட்டு, பைன் எண்ணெய் ஒன்று,
கீழிருந்து காற்று.
உலையில் வேகாமல் தப்பிய கரி மட்டும்
குமிழியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தது,
கறுத்த நுரையாய்.
வழித்தெடுத்துக் காயவைத்து,
அமிலம் விட்ட மஞ்சள் நீரில் இட்டேன்.

இரவு பதினொன்றரை. கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
குடுவையில் மஞ்சள் வெளிறி,
வெளிறியதே தெரியாமல்
இளம்பச்சை.
கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை.
ஜெனரேட்டர் அறைப் பூனைக்குக் காட்டினேன்.

எண்பத்திரண்டு கிலோ மணல் சோதனையில் தேறியது.
எப்படித் தெரிந்ததோ,
வாலாஜாவிலிருந்து ஒரு காண்ட்ராக்டர் போன் செய்தார்:
"கழுவின மணல் லோடு என்ன விலைங்க?"
பாலாற்றை அள்ளி முடித்த ஊர்.
விற்பதற்கில்லை என்றேன்.
பேரம் என்று நினைத்து
ஐந்நூறு ஏற்றினார்.

மீதி பதினெட்டுக் கிலோ.
நூறு கிலோவில் பரவிக் கிடந்தது முழுதும்
இப்போது ஒரு நீல டிரம்முக்குள்,
சேறாக.
அறிக்கையின் கடைசிக் கட்டத்தில்
'பாதுகாப்பாக' என்று எழுதி, அடித்து,
'பொருத்தமான இடத்தில்' என்று எழுதி, அதையும் அடித்து,
பேனாவை மூடினேன்.

தனகோட்டி டிரம்மின் மூடியை
இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார்.
பிளாஸ்டிக் தொட்டியில் முழங்கை வரை
நிதானமாகக் கை கழுவினார்.
தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி,
வாசலுக்கும் சாக்கடைக்கும் நடுவில் நின்று
கேட்டார்:
"இதை எங்க மேடம் ஊத்தறது?"