காலிலிருந்து

ஸ்டான்லியில் இன்றைக்கும் காற்று.
கதவைத் திறந்தால் ஆளோடு கோட்டைப் பிடுங்கும்.
சியெட்ஸா இரவுப் பணி முடித்து வந்து
உள்ளறையில் தூங்குகிறாள்.
சத்தம் கூடாது.
ஆகவே சமையலறை மேஜை,
ஆகவே க்ரேயான் டப்பா,
ஆகவே பென்குயின்.

படத்தாளை அச்சடித்தவர்
இந்தத் தீவைப் பார்த்தவரில்லை.
பென்குயினுக்குப் பக்கத்தில் ஒரு பனிக்கரடி,
பின்னால் ஒரு பனிக்குடிசை.
தவானா கரடிமேல் பெருக்கல் குறி போட்டான்.
"இது வேற ஊர்க் கரடி, பாபா. வழி தப்பிடுச்சு."
குடிசைக்குத் தகரக் கூரை ஏற்றி, பச்சை தீட்டி,
செம்மறி ரோமம் கத்தரிக்கும் கொட்டகையாக்கினான்.

ருவிம்போவுக்கு நாலு வயது.
அவளுக்குக் கருப்பு வேண்டும்.
கருப்பில் மிச்சம் ஒரு நகக்கண் அளவு.
போன வாரம் எங்கள் குடும்பத்தை வரைந்தாளே,
நாலு தலைமுடி, எட்டுக் கை, எட்டுக் கால்,
முத்தாரேயில் இருக்கும் சித்தப்பா,
சித்தப்பாவின் நாய்,
அதிலேயே தீர்ந்துவிட்டது.
"நாங்களே எல்லாக் கருப்பையும் எடுத்துக்கிட்டோம்"
என்றாள், பென்குயினிடம்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

"காலிலிருந்து தொடங்குங்க" என்றேன்.
இந்த ஊர் ஜென்டூவுக்குக் கால் ஆரஞ்சு.
ஆரஞ்சு நிறைய இருக்கிறது.

நான் அறிந்த பென்குயின் அப்படித்தான் தொடங்கும்.
கடற்கரை மணலில் குப்புறப் படுத்து,
முகத்தை மூடிய தடுப்புக் கண்ணாடிக்குள்
மூச்சே ஆவியாகிப் படிய,
ஒரு சாண், பிறகு இன்னொரு சாண் என்று
கம்பி நுனியால் மண்ணை விசாரித்த நாட்களில்
தலை தூக்கிப் பார்க்க ஏது நேரம்?
ஓரக்கண்ணில் வந்ததெல்லாம் கால்கள்.
மூன்று விரல், இடையில் சவ்வு,
நுனியில் கருநகம்.
சந்தைக்கு நேரமாகிவிட்டதுபோல் பதறிப் பதறி,
போர்க்காலத்தில் யாரோ புதைத்துவிட்டுப் போனதின்
தலைமேலேயே நடந்து,
குளிக்கப் போகும்.
ஒன்றும் ஆகாது.
அதுகளுக்குப் பாரம் போதாது.

இதில் பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

"போதாதுன்னா?"
"லேசா இருக்கும். அஞ்சாறு கிலோ.
அந்த இரும்பு அதைக் கண்டுக்காது."

தவானா தாளிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
அலகுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டே கேட்டான்:
"நான் எத்தனை கிலோ?"
"இருபத்தொண்ணு."
"பாப்பா?"

ஜன்னல் அதிர்ந்தது.
ஒரு க்ரேயான் மேஜை விளிம்புவரை உருண்டுபோய் நின்றது.
ஆஸ்பத்திரியில் எடை எழுதிக் கொடுத்த அட்டை
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.
அவனுக்குப் படிக்கத் தெரியும்.
"பதினஞ்சரை" என்றான் அவனே.

பிறகு பென்குயினைச் சுற்றி வேலி போட ஆரம்பித்தான்.
சிவப்பு முக்கோணம் தொங்கும் வேலி.
அவன் அதை நேரில் பார்த்ததில்லை.
கடைசிக் கம்பியைச் சுருட்டிய பிறகுதான்
இவர்களை இங்கே வரவழைத்தேன்.

"வேலி வேண்டாம்டா. எடுத்தாச்சு."
"எல்லாத்தையுமா?"
"எல்லாத்தையும்."
"எண்ணினீங்களா?"
"எண்ணினோம்."
"ரெண்டு தடவை?"

க்ரேயானை அழிக்க முடியாது.
சற்று யோசித்து, வேலியில் ஒரு வாசல் வரைந்தான்.
அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா
என்று எனக்குத் தெரியவில்லை.
கேட்கவுமில்லை.

இதற்குள் ருவிம்போ
நீலத்தின்மேல் பழுப்பு, பழுப்பின்மேல் பச்சை,
பச்சையின்மேல் மறுபடி நீலம் என்று அழுத்தி அழுத்தி
எங்கிருந்தோ ஒரு கருப்பைக் கொண்டுவந்துவிட்டாள்.
கிட்டத்தில் சேறு. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால்
பென்குயின்.
தலையையும் சேர்த்து முழுக்கப் பூசியிருந்தாள்.
கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை விட வேண்டும்,
நான்தான் சொல்ல மறந்தேன்.
உதடு பிதுங்கியது. அழுதால் சியெட்ஸா எழுந்துவிடுவாள்.

தாளை என் பக்கம் இழுத்து
நகத்தால் மெழுகைச் சுரண்டினேன்.
செங்குத்தாக அல்ல, சாய்த்து,
தாள் கிழியாமல், அவசரப்படாமல்.
கை எதையும் மறக்கவில்லை.
இரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

நுனியில் தட்டுப்பட்டது
வெறும் வெள்ளை.