புள்ளடி

உட்துறைமுக வீதிப் பக்கம் என் யன்னல்.
எட்டரைக்குத் திறக்கிறேன்.
சுவரில் சுற்றறிக்கை, லமினேட் பண்ணியது,
உப்புக்காற்றில் ஓரம் பிரிந்து கிடக்கிறது:
பதினாறு வயது நிரம்பிய எவரையும்
இக்கல்லூரி திருப்பி அனுப்பாது.

எவரையும் என்ற சொல்லுக்குக் கீழே
யாரோ பேனையால் கோடிழுத்திருக்கிறார்கள்.
நானில்லை.

அனுப்புவதில்லைத்தான். ஆனாலும்
உள்ளே எடுக்குமுன் ஒரு பெட்டிக்குள் போட வேண்டும்.
ஆறு பெட்டி. ஒன்றில் மட்டும் புள்ளடி.
இரண்டில் போட்டால் கணினி ஏற்காது,
வாக்குச்சீட்டுப் போலச் செல்லாமல் போகும்.

கிண்ணியாவின் முதல் பஸ்சில் வந்த நஸ்மிலா
ஓ.எல்.லில் கணிதம் போயிட்டுது என்று
எனக்குக் கேட்கும் அளவுக்கு மட்டும் சொன்னாள்.
பரவாயில்லை பிள்ளை, வகை இரண்டு,
ஆயத்த வகுப்பு, திங்களும் வியாழனும்.
'ஆயத்தமாக எவ்வளவு காலம் எடுக்கும்?'
அது படிவத்தில் இல்லை.

பாலையூற்று பார்த்தலட், வயது அறுபத்தொன்று,
வயரிங் வகுப்பு மட்டும் போதுமாம்.
சோதனை வேண்டாம், சான்றிதழ் வேண்டாம்.
வகை ஐந்து, சான்றிதழ் நாடாதோர், என்றேன்.
'அதென்ன நாடாதோர்?
நான் நாடித்தானே வந்தனான், கரண்டை.'

உவர்மலைப் பொடியன் ஒருவன்,
இன்னும் பள்ளிக்கூடம் போகிறவன்,
அதிபரின் கடிதம் கொண்டுவந்தான்.
அதிபரின் கையெழுத்தும் அவனுடையதும்
ஒரே மாதிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தன.
திருப்பி அனுப்பக் கூடாது.
நாளைக்கு வா என்று சொல்லலாம்.

தென்னமரவாடி ரூபகாந்தனுக்கு
காணி இந்த மாவட்டம், பதிவு முல்லைத்தீவு.
மாவட்டத்தாருக்குப் பாதிக் கட்டணம்.
கிராம சேவகர் கடிதம் கேட்டேன்.
'ராவெல்லாம் கடலிலதான் கிடக்கிறன்,
அது எந்த மாவட்டம் சேர்?'

முற்றத்தில் மான் ஒன்று
யாரோ கைநழுவவிட்ட விண்ணப்பத்தைத் தின்கிறது.
குடும்ப வருமானத்தை முடித்துவிட்டு
உறுதியுரைக்கு வந்திருந்தது.

தாதி உதவியாளர் நெறிக்கு மட்டும்
பரீட்சை, நேர்முகம், இருபதே இடம்.
போன வருடம் இருநூற்றுப் பதினொரு பேர்.
சுற்றறிக்கையின் அடியில் சின்ன எழுத்தில் உண்டு.
யாரும் கோடிழுக்கவில்லை.

பத்து மணிக்குக் கௌரிமலர்.
பழைய மாணவர் அட்டையை நீட்டினாள்,
படத்தில் இரட்டைப் பின்னல்.
05 / கணக்கியல் / 114.
வகை மூன்று, மீளவருவோர்.
விலகிய காரணம் எழுத இரண்டங்குலக் கோடு.
முழுவதும் தேவைப்படவில்லை அவளுக்கு.
சம்பூர், என்று எழுதினாள்.

மூன்று தவணைக்குமேல்
விடுப்புக் கடிதமின்றி வராதவர்
புதிய மாணவராகவே கொள்ளப்படுவர்.
விதியை வாசித்தது என் குரல்தான்.

'அப்ப நான் பாஸ் பண்ணின ரெண்டு பாடம்?'
அதுவும் போகும்.
கடிதம் ஒன்று குடுத்திருந்தால்…
'ரெண்டாயிரத்து ஆறில
யாரிட்டக் குடுக்கச் சொல்லுறீங்கள்?'

வெள்ளைத்தாள் ஒன்றை யன்னலுக்கு வெளியே தள்ளினேன்.
நின்றபடியே எழுதினாள்.
ஐயா, எங்கள் ஊரைவிட்டுப் போக வேண்டியிருப்பதால்
ஏப்ரல் கடைசியிலிருந்து
எனக்கு விடுப்புத் தந்துதவவும்.
திரும்பும் திகதி பின்னர் அறியத்தருவேன்.

திகதி முத்திரையின் வருடச் சக்கரத்தை
பின்னுக்குச் சுற்றிப் பார்த்தேன்.
பதினான்கோடு நின்றுவிட்டது.
இன்றைய திகதியைக் குத்தி, 'கிடைத்தது' என்று எழுதி,
பதிவாளரின் தட்டில் வைத்தேன்.
வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுவார்.
(என் ஒப்பந்தத்துக்கும் அன்றுதான் சொல்லுவார்,
நான் வருடா வருடம் புதிய ஊழியர்.)

'வெள்ளி மட்டும் நான் எந்த வகை?'

பின்னால் வரிசை நீண்டு
மானிருந்த இடம்வரை போயிருந்தது.
அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.
பேனை இன்னும் அவள் கையில்.