கோலி

வெள்ளிக்கிழமை இரவு மூட்டை வந்தது.
ஐம்பது கிலோ, குருணை அரிசி.
மூட்டையின்மேல் அவன் முகம், பச்சைத் தொப்பி, பல் தெரியாத சிரிப்பு.
இறக்கி வைத்த பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்:
ஹுரேஜா, மீன் புகைப்பவள், தாஞ்சி கடற்கரை, நான்காவது அடுப்பு.
"வாக்கு?" என்றான்.
"வாக்கு" என்றேன்.
கொடுப்பதும் போடுவதும் ஒரே சொல்லாக இருப்பது
யாருக்கு வசதி என்று
லாரி போன பிறகுதான் யோசித்தேன்.

திருப்பி அனுப்பியிருக்கலாம்.
ஒன்பது வாய்.
மீன் போட்டு பெனாச்சின் ஆக்கினேன்.
அடிப்பிடித்ததைக்கூடச் சுரண்டித் தின்றோம்.
இப்போது அது எங்கள் சதையில் இருக்கிறது.
கடன்காரன் வந்து நின்றால்
எதை அறுத்து நிறுப்பது?

பக்கத்து அடுப்பு கோர்க்கா சொல்கிறாள்:
அவன் வீட்டு அரிசியா அது, நம் வரிப்பணம்.
தின்றுவிட்டு வேறு பீப்பாயில் போடு, பாவமில்லை.
அவளுக்கு எல்லாம் சுலபம்.
பச்சையிடமும் வாங்கினாள், மஞ்சளிடமும் வாங்கினாள்,
சாம்பல்காரன் வெறுங்கையோடு வந்ததில்தான் வருத்தம்.

சாம்பல்காரன்
பிளாஸ்டிக் நாற்காலியை மணலில் போட்டு உட்கார்ந்து
மீன்மாவு ஆலையை மூடுவேன் என்கிறான்.
மூடட்டும். அந்தக் குழாய் கடலில் கக்கிய சிவப்பை
விடிகாலையில் முதலில் மிதித்தது என் கால்.
போங்கா மீன் கூடைகூடையாய் அங்கே போக
என் அடுப்பில் புகை மட்டும்.
ஆனால் எப்ரிமா அங்கேதான் மூட்டை தூக்குகிறான்.
மாதம் பிறந்தால் சம்பளம்.
அந்தச் சம்பளம் கிடைக்காத வருஷம்
அவன் தம்பி வடக்கே படகேறினான்.
படகைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: நீலம்.
மூடுகிறவனுக்குப் போட்டு
மிச்சமிருக்கிற மகனையும் அந்த நீலத்தில் ஏற்றவா?
மூடாதவனுக்குப் போட்டு
கடலில் குளித்த பிள்ளைகளின் சிரங்குக்குக்
கையெழுத்துப் போடவா?

நல்லவன்தானே என்கிறார்கள், கை சுத்தம் என்கிறார்கள்.
அவனுடைய முதல் மனைவி செரகுண்டாவில் தையல் கடை வைத்திருக்கிறாள்.
அவளுக்கு இடது காது கேட்காது.
எப்படி என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.
நான் போனேன்.
மிஷினை நிறுத்தாமல் வலது பக்கம் திரும்பி
"துணி எங்கே?" என்றாள்.
துணி கொண்டுபோகவில்லை.
வேறு கேள்வி வாயில் வரவில்லை.
பஸ்ஸில் திரும்பும்போது
அவள் பேசாதது அவளுக்காகவா அவனுக்காகவா
எங்களுக்காகவா என்று
ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று தோன்றியது.

பிறகு என் தராசு.
சொல்லத்தான் வேண்டும்.
தட்டின் அடியில் ஒரு வட்டக் காந்தம், ஆறு வருஷமாக.
கிலோவுக்கு ஒரு மீன் எனக்கு மிஞ்சும்.
பிரசார லாரிகள் கத்தக் கத்த
அதைக் கழற்றத் தோன்றியது, கழற்றினேன்.
மறுநாள் வியாபாரம் மந்தம், மாட்டினேன்.
சனிக்கிழமை விடியுமுன் மறுபடி கழற்றி
இடுப்பு முடிச்சில் செருகிக்கொண்டு
வரிசைக்குப் போனேன்.

சைக்கிள்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள்.
உள்ளே கேட்கிற மணி
வாக்கு விழும் மணியாக மட்டும் இருக்க வேண்டுமாம்.
விரலில் மை வைத்து
உள்ளங்கையில் ஒரு கோலியை வைத்தார்கள்.
பள்ளிக்கூட வாசலில் பையன்கள் அடித்து விளையாடுவது மாதிரி,
அவ்வளவுதான் இருந்தது.

திரைக்குப் பின்னால் மூன்று பீப்பாய், மூன்று முகம்.
அரிசிக்கு ஒன்று கேட்டது வயிறு.
எப்ரிமாவுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று.
துணியில்லாமல் போனதற்கு ஒன்று.
கையில் இருந்தது ஒன்று.
எவ்வளவு நேரம் நின்றேனோ,
வெளியே அதிகாரி தொண்டையைச் செருமினார்.
கோலி என் சூட்டை வாங்கிக்கொண்டிருந்தது.

விட்டேன்.
குழாயில் உருண்டது.
மணி.

வெளியே கோர்க்கா தோளை இடித்தாள்:
"கேட்டதே! எதில் போட்டாய்?"
எதில் போட்டாலும் அதே ஓசைதான், நல்லவேளை.
முந்தானை ஊக்கைத் தேடி முடிச்சை அவிழ்த்தேன்.
காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது.
பிய்த்தெடுக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது.

அடுப்புப் பக்கம் யாரோ காத்திருந்தார்கள்,
ஒரு கிலோ வேண்டுமாம்.