இரண்டு லக்கமிட்டவர்

பெட்ஃபோர்டில், பெஞ்சமின் சாரின் பத்திரக் கடையில்
ஒன்பது வருடமாகத் தட்டச்சு செய்கிறேன்.
"வீட்டின் உரிமையாளராகிய ஒன்று லக்கமிட்டவரும்
வாடகைக்கு வரும் இரண்டு லக்கமிட்டவரும்
மனமொத்து எழுதிக்கொண்ட" என்பது வரை
விரல்கள் தாமாகவே போய்விடும்.
பிறகுதான் பெயர் கேட்பேன்.

மார்ச்சில் எங்கள் வீட்டுக்காரர்
வாசலில் ஒரு பலகை மாட்டினார்: மிஸ்ட் காட்டேஜ்.
சீசனில் ஒரு நாளுக்கு நாலாயிரமாம்.
நான் மாதத்துக்குத் தருவது ஆறு.
கணக்கு எனக்கும் புரிந்தது.
அட்வான்ஸில் பெயின்டுக்கு எட்டாயிரம் பிடித்தார்.
ஆணி ஒன்றுக்கு ஐம்பது.
நான் அடித்தவை மூன்றுதான்; மற்றதெல்லாம்
எனக்கு முன்னால் குடியிருந்த போஸ்ட்மேன் அடித்தவை.
எந்தக் காகிதத்திலும் அது இல்லை.
ஊருக்கெல்லாம் காகிதம் அடிக்கிறவள்
வெறும் வாய்ப்பேச்சில் குடிபோயிருந்தேன்.

குன்னூரில் வீடு பார்ப்பதென்றால் படி எண்ணுவது.
கடை சாத்தியதும் தர்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவேன்.
டென்ட் ஹில்லில் நூற்றுப் பதினான்கு படி.
"சார் வரலையா?"
திருப்பூரில் இருக்கார் என்றேன்.
பொய்யில்லை.
யாரோடு என்று அவர்கள் கேட்கவில்லை.
ராஜாஜி நகரில், கறி சமைப்பீங்களா.
மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒருவர்
அப்பா எங்கே வேலை பார்த்தார் என்றார்.
எஸ்டேட்டில், லைன் வீடு என்றேன்.
"சொல்லி அனுப்புறோம்."
என் நம்பரை வாங்கவே இல்லை.

ரிட்டயர் ஆன அன்று அப்பா
லைன் வீட்டுச் சாவியை ஆபீஸ் மேசையில் வைத்தார்.
முப்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு சாவி.
ரசீது தரவில்லை, அவரும் கேட்கவில்லை.

அட்வான்ஸ் மூன்று மாதம் என்கிறது சட்டம்,
வேறு உடன்பாடு இல்லாவிட்டால் என்று
ஓரத்தில் ஒரு சந்தும் விட்டுவிட்டு.
அந்தச் சந்து வழியாகத்தான்
பத்து மாதம் வந்து நிற்கிறது.
தெரிந்துகொண்டு வாய்மூடி இருப்பதற்கு
தெரியாமலே இருந்திருக்கலாம் என்று
சில சாயங்காலங்களில் தோன்றும்,
பாதிப் படியில், மூச்சு வாங்கும்போது.

ஓட்டுப்பட்டறையில் போஜராஜனின் வீடு.
இரண்டு அறை. எட்டு நாளைக்கொரு முறை தண்ணீர்.
பின்சுவரில் இடுப்பளவு பூஞ்சை,
பள்ளிக்கூட மேப் மாதிரி.
"ஈரம் இந்த மலைக்கே உள்ளதுங்க."
"ஈரம் மலையோடது. கால்வாய் அடைச்சிருக்கிறது
மலையோடது இல்லைங்களே."
குடையை மடக்கிவிட்டு அவரும் குனிந்து பார்த்தார்.
மூன்று மழைக்காலத்துச் சருகு.
மாதாமாதம் கால்வாயை நான் தள்ளிவிடுகிறேன்,
ஜூனுக்கு முன் தகரத்தை நீங்கள் மாற்றுங்கள் என்றேன்.
அட்வான்ஸ் அவர் பத்து சொன்னார், நான் மூன்று.
டீ ஆறுவதற்குள் ஐந்தில் நின்றோம்.

அன்றிரவு கடையில் நானே அடித்தேன்.
பெஞ்சமின் சார் ஸ்டாம்ப் பேப்பருக்கு மட்டும் காசு வாங்கினார்.
இரண்டு லக்கமிட்டவர் என்ற இடத்தில்
செ. கோகிலவாணி.
விரல் ஒரு நிமிடம் நின்றுவிட்டது.
தப்பாக அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன்.
காலி செய்த முப்பது நாளில் அட்வான்ஸ் திரும்ப வேண்டும்.
ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல்
ஒன்று லக்கமிட்டவர் உள்ளே வரலாகாது.
மண்சுவருக்கு மேலுள்ள சரிவை
இரண்டு லக்கமிட்டவர் வெட்டவோ தோண்டவோ கூடாது,
கீரைப் பாத்திக்குக்கூட.
அதையும் நானேதான் சேர்த்தேன்.
சரிவுக்குக் கீழே அவருடைய அண்ணன் வீடு இருக்கிறது.

போஜராஜன் விரல் வைத்து வரிவரியாக வாசித்தார்.
"சொல்லிட்டுத்தான் வரணுமா?
சமையல் ரூமுக்குக் கரடி வருமே,
அதுக்கும் ஒரு நோட்டீஸ் குடுத்துருங்க."
சிரிக்காமல் சொன்னார்.
கடைசி வரியில் மறுபடி நின்றார்:
சுவரில் ஏற்கெனவே உள்ள ஆணிகள், பதினாறு.
"இதையெல்லாமா எழுதுவாங்க?"
"நான் எழுதுவேன்."
கையெழுத்துப் போட்டார்.

ஒன்றில் தர்ஷிகாவின் பை.
ஒன்றில் அவள் ரெயின்கோட், சொட்டிக்கொண்டு.
பதினான்கு மிச்சம்.
என்ன மாட்டுவதென்று தெரியவில்லை.
பதினோரு மாதம் இருக்கிறது.