பெருக்கல் குறி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு
கோட்டும் சூட்டுமாக உள்ளே வந்தார் க்ளைவ் ஓல்ட்ராய்ட்.
ஹல் நகரத் தண்ணீர்க் கட்டண அலுவலகம்,
இரண்டாவது மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஹம்பர் ஆறு
வழக்கமான சேற்று நிறத்தில்.

இருபத்திரண்டு வருடமாக அவரை
ஒரே பாசிப்பச்சைக் கம்பளிச் சட்டையில்தான் பார்த்திருக்கிறோம்,
முழங்கைகளில் ஒட்டுப்போட்டது.
இப்போது கருநீலம்.
கடை வாசனை அவருக்கு முன்னால் வந்து
அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்கக் கூடாது.
எங்கும் எழுதி ஒட்டவில்லை;
லிஃப்டில் அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று
எங்கே எழுதியிருக்கிறது?

இங்கே புது சூட் என்றால்
வேறு வேலைக்கு நேர்காணல்.
இல்லையென்றால் கோர்ட்.
அதுவும் இல்லையென்றால் சாவு.
நேர்காணல் மேலாளர் காதில் விழக் கூடாது.
கோர்ட் எங்கள் காதிலேயே விழக் கூடாது.
சாவென்றால் டை கறுப்பாக இருந்திருக்கும்;
அவர் டையில்
சின்னச் சின்ன வாத்துகள்.

ஆகவே மழையைப் பற்றிப் பேசினோம்.
பெவர்லி சாலையில் தோண்டிப்போட்ட பள்ளத்தைப் பற்றிப்
போன வாரமே பேசி முடித்திருந்தோம்,
மறுபடி பேசினோம்.
டோரீன் மட்டும், “முடி வெட்டிக்கொண்டீர்களா?” என்றாள்.
அது செல்லுபடியாகும் கேள்வி.
“இல்லையே” என்றார்.
அதற்கு மேல் போக வழியில்லை.

பிறகு அவர் நகலெடுக்கத் திரும்பினார்.
கோட்டின் பின்பிளவில்
வெள்ளை நூலில் ஒரு பெருக்கல் குறி.
கசங்காமலிருக்கக் கடைக்காரர்கள் போடும் தையல்,
உடுத்துமுன் பிரித்துவிட வேண்டியது.
தப்புக் கணக்கை வாத்தியார் அடித்ததுபோல்
பளிச்சென்று இருந்தது.
பதினோரு பேர் பார்த்தோம்.
பதினோரு பேரும் அவரவர் திரைக்குத் திரும்பினோம்.

பல்லில் கீரை ஒட்டியிருந்தால் பக்கத்து மேசைக்காரர் சொல்லலாம்.
ஜிப் திறந்திருந்தால் ஆணுக்கு ஆண் இருமிக் காட்டலாம்.
முதுகு யாருடைய பொறுப்பு?
மதியம்வரை அந்தக் குறி
தேநீர் இயந்திரத்துக்கும் கோப்பு அலமாரிக்கும்
போய்ப் போய் வந்தது.

மூன்று மணிக்கு
கத்தரிக்கோலை ஸ்வெட்டர் கைக்குள் மறைத்துக்கொண்டு
படிக்கட்டுத் திருப்பத்தில் அவரைப் பிடித்தேன்.
“கொஞ்சம் திரும்புங்கள்.”
ஏனென்று கேட்காமல் திரும்பினார்,
ஊசி போட்டுக்கொள்ள நிற்கும் பையனைப் போல.
நாலு வெட்டு. நூல் கையோடு வந்தது.

“காலையிலிருந்தா?”
“இப்போதுதான் கவனித்தேன்” என்றேன்.
அந்தப் பொய்யும் முறைதான்.

கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
“போன சனிக்கிழமைக்காக வாங்கியது.
பதிவு அலுவலகம், பதினோரு மணி.
மார்ஜரி வேண்டாமென்றுவிட்டாள்.
கைநீளம் குறைத்துத் தைத்ததை
கடையில் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.”

இதற்கு ஒரு முறையும் என்னிடம் இல்லை.
வாத்துகளை எண்ணினேன். ஒன்பதுவரை வந்தது.
“பைகளும் தைத்தபடியே இருக்கின்றன,
பிரித்துவிடட்டுமா?”
“வேண்டாம்.
கையை உள்ளே விட்டால்
அப்புறம் வெளியே எடுக்கத் தோன்றாது.”

புதன், வியாழன், அதே கருநீலம்.
அவர் பக்கத்தில் எல்லோரும்
புது வண்ணம் பூசிய கதவைத் தாண்டுவதுபோல் தாண்டினோம்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது
சாண்ட்விச்சிலிருந்து ஒரு சொட்டுக் கடுகுச் சாஸ்
கோட்டின் ஓரத்தில் விழுந்தது, மஞ்சளாக.
காகிதத்தால் துடைத்தார். போகவில்லை.
இன்னும் கொஞ்சம் பரவியது.

அறை மொத்தமும் மூச்சு விட்டது.
“நல்ல சூட், க்ளைவ்” என்றாள் டோரீன்.
“நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கிறது”,
“தோள் கச்சிதம்”,
“எந்தக் கடை?” என்று மூலையிலிருந்துகூட ஒரு குரல்.

கடையைச் சொன்னார்.
யாரும் கேட்காமலே
விலையையும் சொன்னார்.