கைகலப்பில் நிற்கும் மந்திரவாதி

திருநெல்வேலிச் சந்தியில்
போன் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
பிங்பொங் மேசையில் பச்சைக் கம்பளி.
நீலச் சொப்பிங் பையை வெட்டி விரித்தால் களப்பு.
ஐஸ்கிறீம் குச்சிப் பாலத்தின் நடுவே
றெஜினோல்டின் மந்திரவாதியும்
கபிலாஷின் எலும்புப் படையில் இரண்டு பேரும்
மூக்கு முட்ட நிற்கிறார்கள்
அரை மணித்தியாலமாக.

"கைகலப்புக்க நிண்டுகொண்டு மந்திரம் சொல்லேலுமோ?"

போட்டோக்கொப்பி விதிநூலில்
பதினாறாம் பக்கம் இப்படி முடிகிறது:
மந்திரவாதி எப்போதும் மந்திரம் சொல்லலாம்,
பதினெட்டாம் பக்கம் இப்படித் தொடங்குகிறது:
ஆகிய சந்தர்ப்பங்கள் தவிர.
பதினேழு மெஷினுக்குள் விழவேயில்லை.

எனக்கு வேலை நொத்தாரிசுக் கந்தோரில்.
நாலு லாச்சம் ஆறு குழி,
பங்குக் கிணறு, வழிவாய்க்கால்,
வடக்கெல்லை ஒழுங்கை என்று
நாள் முழுக்க உறுதி எழுதுகிறவள்.
அதனால் தீர்ப்புக் கதிரை எனக்கு.
விளையாடத் தெரியாதது மேலதிகத் தகுதி.

பிழைத்துப்போன உறுதித்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:
முட்டி நிற்பவன்
தன்னை முட்டி நிற்பவன் மேல் மட்டும் ஓதலாம்.
தூர எறியும் நெருப்பு அவனுக்கில்லை.
அளப்பது அடித்தட்டின் விளிம்பிலிருந்து,
ஈட்டி முனையிலிருந்தல்ல
(கபிலாஷ், உன்னுடைய ஈட்டி எல்லாம் ஈர்க்கு,
கிழமைக்குக் கிழமை வளருது).

"அப்ப நூற்றிருபது புள்ளி குடுத்து
இவனை ஏன் எடுத்தனான்?"
றெஜினோல்டின் காது சிவந்துவிட்டது.
விலை கூடினதால் எல்லை கூடாது என்றேன்.
அது எங்கள் கந்தோரில்
ஒவ்வொரு நாளும் சொல்லுகிற வசனம்.

ஜெனிற்றாவின் கவலை வேறு.
அவளுடைய குதிரைகள் களப்புக்குள் நிற்கின்றன.
ஆழ்தண்ணி, அசைய முடியாது என்கிறது நூல்.
"ஆழமோ? ஆர் சொன்னது?
பண்ணையில வந்து இறங்கிப் பாருங்கோ.
முழங்கால் தண்ணிதான். சேறுதான் காலை விடாது."
குருநகர்க்காரிக்கு எதிராக
நூலை நம்ப எனக்கு மனம் வரவில்லை.
சேறு: அரை வேகம். கையொப்பம்.

றெஜினோல்ட் தாயக்கட்டையை எறிந்தான்.
அது காற்றில் இருக்கும்போது கரண்ட் போனது.

கட்டை உருண்ட சத்தம்.
நின்ற சத்தம்.
ஒருவரும் மூச்சு விடவில்லை.
கீழே கடைக்காரர் ஜெனரேற்றரை இழுத்து இழுத்துத் திட்டினார்.
ஜெனிற்றா போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். ஆறு.

"காணாமல் உருண்டது செல்லாது."
"விழுந்தது விழுந்ததுதானே, கண் எதுக்கு?"
இருட்டுக்கு விதி இருக்கிறதா என்று
வியர்த்த விரலால் தேடினேன்.
மேசையை விட்டு விழுந்தால் மறுபடி எறி என்று இருக்கிறது.
சரிந்து நின்றால் மறுபடி எறி.
வெளிச்சம் பற்றி ஒரு சொல் இல்லை,
கரண்ட் போகாத ஊரில் எழுதியிருப்பார்கள்.

ஆறு செல்லும் என்றேன்.

எலும்பர்கள் இருவரும் எரிந்தார்கள்.
எழுதி முடிக்கவில்லை, கபிலாஷ் கை தூக்கினான்:
"அவையும் அதே வேகம். அவையின்ர அடி எங்கை?"
பதினெட்டாம் பக்கத்தில் அது தெளிவாகவே கிடந்தது.
ஒரே வேகத்தினர் ஒரே கணத்தில் அடிப்பர்;
விழுந்தவரின் அடியும் கணக்கில் சேரும்.
இரண்டு தரம் வாசித்தேன். சத்தமாக ஒரு தரம்.
கபிலாஷ் எறிந்தான். ஐந்து, ஐந்து.

செத்தவரை உடனே மேசையிலிருந்து எடுக்கவேண்டும்.
எடுத்தோம்.
மூவரும் ஒரே பிஸ்கற் ரின்னுக்குள்,
மந்திரவாதியின் தொப்பியில் ஓர் ஈர்க்கு சிக்கியபடி.

"இப்ப பாலம் ஆருக்கு?"

இரண்டு பக்கத்திலும் இல்லை.
பதினேழில் இருக்கலாம்.
உரித்தாளர் இல்லாத காணிக்கு
என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியும், ஆனால்
அதற்கு முத்திரை வேண்டும், கிராமசேவகர் வேண்டும்,
இரண்டு சாட்சி வேண்டும்.
அடுத்த ஞாயிறு வரை பாலம் பாலத்துக்கே
என்று எழுதிக் கீழே கோடு கீறினேன்.

ஆட்சேபம் இருக்கு என்றான் றெஜினோல்ட்.
எழுத்தில் தா என்றேன்.
பேனை கேட்டான்.