பூச்சியத்துக்குக் கிட்ட

அறிவியல்நகர், இரவு ஒன்றரை.
முப்பத்தேழாவது பரப்பு
கணினிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளாற்றினம் நல்லதுதான், தெரியும்.
அதில் ஒரு கிராம் வாங்கும் காசுக்கு
ஜெனரேற்றருக்கு ஒரு கிழமை டீசல் ஊற்றலாம்.
ஆகவே நிக்கல்.
ஆகவே இரும்பு.

நான் கேட்பது பெரிதில்லை.
ஐதரசனைப் பிடிக்க வேண்டும்,
சோடி சேர்ந்ததும் விட வேண்டும்.
நேற்றைய பரப்பு பிடித்தது, விடவேயில்லை,
சந்தையில் கடன்காரன் சட்டையைப் பிடித்த மாதிரி.
அதற்கு முந்தியது
கிட்டவும் போகவில்லை.

இருநூற்றுப் பதினான்காம் சுற்றில் கரண்ட் போனது.
யூபிஎஸ் நாலு தரம் கத்தி அடங்கியது.
வயல்பக்கம் யானைவெடி ஒன்று,
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
எங்கள் ஊரில் வெடிச்சத்தத்தை
இப்போதும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான்
அது யானைக்கு என்று நம்புகிறோம்.

இருட்டில் இருந்தபடி
விளிம்பில் ஒரு நிக்கலைக் கழற்றினேன்,
மனதுக்குள்.
அந்தக் குழியில் ஒரு இரும்பை இருத்தினேன்.

ஐந்தே முக்காலுக்கு எண் வந்தது:
சய பூச்சியம் தசம் பூச்சியம் எட்டு.
பூச்சியத்துக்கு இவ்வளவு கிட்ட
நான் வந்ததேயில்லை.
திரும்பவும் ஓட்டினேன். அதே எட்டு.

ஏ‑ஒன்பதில் பழைய இரும்பு லொறி போகிறது,
சன்னம் துளைத்த தகரங்கள்,
ஒரு பஸ்ஸின் விலா எலும்பு.
கிலோ என்ன விலையோ.

தெஷாந்தினிக்கு எழுதினேன்:
"கணக்கில் சரி. தண்ணியில் தெரியாது."
அவள்தான் அதைச் சமைத்து,
காரக்கரைசலில் இறக்கி,
குமிழ் வருகுதா பார்க்க வேண்டும்.

பதில் வந்தது:
"நிக்கல் உப்பு முடிஞ்சுது.
வெள்ளிக்கிழமை வந்தால் பாப்பம்.
நீ போய்ப் படு."